இரண்டாவது கார்: வயதா, நிலைமையா?

பழைய காரை விலைக்கு வாங்குவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மவர்களிடையே வேரூன்றி வருகிறது. வாங்கியவர் அதை வாசலில் நிறுத்துவதற்கே கூசுகிறார். "அவசரத்துக்கு வாங்கினேன்; அடுத்த வருஷம் மாற்றிவிடுவேன்" என்று யாரும் கேளாமலே சமாதானம் சொல்லுகிறார். மறுபுறம், சர்க்காரும் பழைய வண்டி என்றாலே சந்தேகக் கண்கொண்டு பார்க்கிறது. வயது ஏற ஏறக் கட்டணத்தையும் ஏற்றுகிறது. தனி மனிதனின் வீண் கௌரவமும் ராஜாங்கத்தின் அவசரமும் ஒரே தவறிலிருந்து பிறப்பவை. ஒரு வண்டி எப்படியிருக்கிறது என்று பாராமல், அது எப்பொழுது பிறந்தது என்று மாத்திரம் பார்ப்பதே அந்தத் தவறு. இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. வீட்டுக்கு இரண்டாவது கார் அவசியந்தானா? பஸ்ஸும் மின்சார ரயிலும் மெட்ரோவும் வாசலுக்கு அருகில் உள்ளவர், நடக்கக் கால் உள்ளவர், இக்கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொன்னால் அவரை நாம் மனமாரப் பாராட்டுவோம். ஆனால் எல்லோருக்கும் அந்த வசதி இல்லை என்பதும் உண்மை. தாம்பரத்துக்கு அப்பாலும் ஆவடிக்கு அப்பாலும் குடியேறியிருக்கும் குடும்பங்களைப் பாருங்கள். கணவர் வேலைக்குக் கிழக்கே போகிறார். மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல மேற்கே போகிறார். வயது முதிர்ந்த தாயாரை வாரம் ஒரு முறை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஜில்லாக்களில் பொதுக் காரியம் செய்யும் ஊழியர்களின் நிலைமையும் இதுவே. இரவு பத்து மணிக்குக் கூட்டம் முடிந்தபின் கிராமத்திலிருந்து திரும்புவதற்கு எந்தப் பஸ் காத்திருக்கிறது? இத்தகையவர்களுக்கு இரண்டாவது வண்டி ஆடம்பரமல்ல, வேலைக்கான கருவி. அந்தக் கருவி புதிதாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே விஷயம்.

கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, 7 லட்சம் ரூபாய் விலையுள்ள புதிய கார் ஒன்றை ஒருவர் வாங்குகிறார். 2 லட்சம் கையிலிருந்து கொடுத்து, 5 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருஷத் தவணையில் கடன் வாங்குகிறார். மாதம் ஏறக்குறைய 10,380 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து வருஷத்தில் வட்டிக்கென்று மாத்திரம் சுமார் 1,22,000 ரூபாய் போய்விடும். ஆகமொத்தம் 8,22,000 ரூபாய். பதிவு வரி இதற்கு மேல். ஐந்து வருஷம் கழித்து வண்டியைப் பாதி விலைக்கு விற்றாலும், ஏறக்குறைய 4,72,000 ரூபாய் கரைந்திருக்கும்.

இன்னொருவர் 13 வயதுள்ள கார் ஒன்றை 1,50,000 ரூபாய் ரொக்கத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். வாங்கியவுடன் டயர், பாட்டரி, பெல்ட், பிரேக் முதலியவற்றுக்கு 50,000 ரூபாய் செலவழிக்கிறார். பிறகு வருஷந்தோறும் பழுது பார்க்க 20,000 ரூபாய் வீதம் ஐந்து வருஷத்தில் ஒரு லட்சம். வேலை நாட்களில் தினம் 20 கிலோமீட்டர் போய்வந்தால் வருஷத்துக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர். புதிய கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பழையது 15-ம் ஓடினால், வருஷத்துக்கு 100 லிட்டர் அதிகப் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஐந்து வருஷத்தில் 50,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000. கடைசியில் 50,000 ரூபாய்க்கு விற்றால், கரைந்தது சுமார் 3,05,000 ரூபாய்.

வித்தியாசம் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. புதிய காருக்குரிய வரியையும், அதிக விலைக்கேற்ற இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். எனினும் இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பழைய காரினால் கிடைக்கும் லாபம் ஜனங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லுமளவு பெரிதன்று. எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டிய ஒரே ஒரு பெரிய பழுது வந்துவிட்டால் அந்த லாபத்தில் பெரும் பங்கு பறந்துவிடும். ஆகவே, மலிவு என்பதற்காகப் பழைய காரை வாங்குகிறவன் ஏமாறுவான். நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்காக வாங்குகிறவன் ஏமாறமாட்டான். ஒன்று மாத்திரம் நிச்சயம். ரொக்கத்துக்கு வாங்கியவன் மாதம் பிறந்தால் பாங்கிக்காரனை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. வேலை போனாலும், தேகம் தளர்ந்தாலும், வண்டி அவனுடையதாகவே இருக்கும். பொதுக் காரியத்தில் ஈடுபட்டவனுக்கு இந்தச் சுதந்திரம் சாமானியமானதல்ல. கடன் கழுத்தில் தொங்குகிறவன் வாய் திறந்து பேசத் தயங்குவதை நாம் பார்த்ததில்லையா?

சென்ற வருஷம் நமக்கும் தினசரி ஓட்டத்துக்கு இரண்டாவது வண்டி ஒன்று தேவைப்பட்டது. முதலில் பார்த்த கார் கண்ணைப் பறித்தது. சாயம் பளபளத்தது, இருக்கைகளுக்குப் புது உறை, மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. உடனே முன்பணம் கொடுக்க நாம் தயாராக இருந்தோம். கூட வந்த மெக்கானிக் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓட்டுநர் பக்கத்து இருக்கைப் பட்டையைக் கடைசி வரையில் இழுத்தார். மேலே உள்ள பகுதி கறுப்பாகவும், உள்ளே சுருண்டிருந்த பகுதி மண்ணிறமாகவும் இருந்தன. பிறகு கால்விரிப்பைத் தூக்கி, இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்தை விரலால் தடவினார். விரலில் வண்டல் ஒட்டியது. "ஐயா, இது வெள்ளத்தில் குளித்த வண்டி, வாங்காதீங்க" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனை கார்கள் முழுகின என்பதை நாம் மறந்துவிட்டோம். அந்த மெக்கானிக் மறக்கவில்லை. இரண்டாவது காரையும் அவர் தள்ளினார். மூன்றாவதை, சாயம் மங்கியதும் கதவில் கீறல் உள்ளதுமான ஒன்றை, அரை நாள் சோதித்துவிட்டு, "இதை எடுங்க" என்றார். அந்த வண்டியே இன்றும் நமக்கு உழைக்கிறது.

இதை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்வி கற்றவர்கள் எத்தனை சுலபமாக மேற்பூச்சில் மயங்குகிறோம் என்பதற்காகச் சொல்லுகிறோம். வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டிய சில விஷயங்களை அந்த மெக்கானிக்கிடமிருந்தே கற்றோம். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும். நாம் போவதற்கு முன்பே அது சூடாக இருந்தால், விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகிக்கலாம். புகை நீலமாக வந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், உள்ளே புகக்கூடாத இடத்தில் தண்ணீர் புகுகிறது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். கட்டைகள் தேயாமல் இருந்தாலும், வருஷங்கள் பல ஆன ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். பெடல்களின் ரப்பரும் ஸ்டியரிங் வளையமும் தேய்ந்து வழவழத்திருக்க, மீட்டர் மாத்திரம் சொற்பக் கிலோமீட்டர் காட்டினால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அறியலாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின் அதை எப்பொழுது மாற்றினார்கள் என்று ரசீதுடன் கேட்க வேண்டும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து, வண்டி விலைக்குச் சமமான செலவை வைத்துவிடும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால் அடியில் துருவைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளில் ஒன்றாவது வண்டியின் வயதைப் பற்றியதா? இல்லை. ஒவ்வொன்றும் நிலைமையைப் பற்றியது.

பெட்ரோல் விஷயமும் இங்கே சேரும். எத்தனாலை 20 சதவீதம் கலப்பது என்ற இலட்சியம், முதலில் குறித்த 2030-க்கு ஐந்து வருஷம் முன்னதாகவே 2025-ல் எட்டப்பட்டது. கரும்பு, தானிய விவசாயிகளுக்கு இதனால் நன்மை உண்டு. அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணமும் குறையும். தேசாபிமானிகள் இதை வெறுக்க நியாயமில்லை. ஆனால் எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் ஓடும் தூரம் சற்றே குறையத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த கார்களில் பெரும்பாலானவை இந்தக் கலப்புக்கென்று அமைந்தவையுமல்ல. ஆகவே, பழைய கார் வாங்குகிறவர் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் பார்த்து, தேவையானால் மாற்றிவிட வேண்டும். இதுவும் செலவுக் கணக்கில் ஏற வேண்டிய ஒன்றே.

வயதுக்கு அர்த்தமே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஒரு விஷயத்தில் வயது பேசத்தான் செய்கிறது. அது உயிர்ப் பாதுகாப்பு. 2019 ஏப்ரல் முதல் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. அதே வருஷம் ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமாயிற்று. மோதல் சோதனை விதிகள் புதிய மாதிரிகளுக்கு 2017 அக்டோபரிலும், முன்பிருந்த மாதிரிகளுக்கு 2019 அக்டோபரிலும் அமுலுக்கு வந்தன. 2014 ஜனவரியில் குளோபல் என்காப் என்ற ஸ்தாபனம் இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களை, ஏர்பேக் இல்லாத வகைகளில் எடுத்து, மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் ஒரு நட்சத்திரங்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே, அந்தக் காலத்துக் கார்களிலேயே ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மேல்வகையைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். பத்தாயிரம் இருபதாயிரம் மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுக்கொடுப்பது சிக்கனமல்ல; அறியாமை. ஊருக்குள் ஓட்டவே அத்தகைய வண்டி என்று வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் குடும்பத்துடன் போகும்போது வீட்டிலுள்ள மற்ற வண்டியை எடுப்பது நன்று.

அடுத்தது காகித விஷயம். வக்கீல் தொழிலில் நாம் கண்ட அனுபவத்தில், பழைய கார் வியாபாரத்தில் எஞ்சினால் கெட்டவர்களைவிடக் காகிதத்தால் கெட்டவர்களே அதிகம். 1988-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, ஒரே மாகாணத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நடப்பதென்ன? படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தேதியைப் போடாமல், புரோக்கர் தம் பெட்டியில் வைத்துக்கொள்ளுகிறார். வண்டி கைமாறிக் கைமாறிப் போகிறது. ஆர்.சி.யில் பழைய சொந்தக்காரர் பெயரே நிற்கிறது. ஒரு நாள் எங்கோ ஒரு மூலையில் விபத்து நிகழ்கிறது. கோர்ட்டுச் சம்மன், வண்டியை விற்று மறந்துபோனவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

"நான் விற்றுவிட்டேனே" என்று அவர் சொல்லுவதில் பயனில்லை. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு இத்தகைய ஒரு வழக்கிலேயே தீர்ப்பளித்தது. வண்டி பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று அது முடிவு செய்தது. விபத்தில் அடிபட்டவர் யார் யாரிடம் விற்றார்கள் என்று துப்புத் துலக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் சரியானதே. ஆகவே, விற்பவர் பெயர் மாற்றத்தை வாங்குகிறவரின் தயவுக்கு விட்டுவிடக் கூடாது. தாமே முன்னின்று முடிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்துப் பொறுப்பை வியாபாரிமேல் ஏற்றும் ஏற்பாடும் சட்டத்தில் வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவையும் உண்டு. பாங்கிக் கடன் தீர்ந்திருந்தாலும், ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா? கட்டாத அபராதச் சலான்கள் உண்டா? சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா? இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். விற்றவருக்குரிய 'நோ கிளெய்ம்' சலுகை வண்டியோடு வருவதில்லை. அது அவரோடு போய்விடும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. வேறு மாகாணத்து வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று மயங்குகிறவர்கள், தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருப்பதானால் புதிய எண் பெற்று, இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இனி, சர்க்காரின் விஷயத்துக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் அதிகாரி வண்டியைப் பரிசோதித்து, தகுதியாயிருந்தால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். இது நியாயமான சட்டம். 15 வருஷம் ஆனதும் காரை நசுக்கிவிட வேண்டும் என்று ஜனங்களிடையே பரவியிருக்கும் பிரமைக்கு நம் மாகாணத்தில் ஆதாரம் கிடையாது. 2021 ஆகஸ்டு 13-ந் தேதி பிரதமர் தொடங்கி வைத்த பழைய வாகன ஒழிப்புக் கொள்கையும், சொந்தக் கார்களைப் பொறுத்தவரை, தகுதிச் சோதனையில் தேறாதவற்றை அகற்றுவதையே நோக்கமாகச் சொல்லிற்று. அதுவும் நியாயமே.

ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டு அறிவிப்பினால் 20 வயதைக் கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்தது 1,000 ஆகி, 20 வயதைத் தாண்டினால் 2,000 ஆயிற்று. கார்க்காரர் எப்படியோ கட்டிவிடுவார். ஆனால் 20 வருஷத்து மோட்டார் சைக்கிளை யார் ஓட்டுகிறார்கள்? விடியற்காலையில் பால் கொண்டுவருகிறவர், கீரை விற்கிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர். அவருடைய வண்டியின் விலையே சில ஆயிரம் ரூபாய்.

அதே அதிகாரி, அதே சோதனை, அதே பத்து நிமிஷம். 19 வயது வண்டிக்கு ஒரு கட்டணம். 21 வயது வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம். கட்டணம் வேறு, வரி வேறு. செய்யும் சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம் என்ற வேற்றுமையை 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு நமது சென்னை ராஜதானியிலிருந்து போன ஷிரூர் மடம் வழக்கிலேயே விளக்கியது. பிற்காலத் தீர்ப்புக்கள் அந்த விதியைச் சற்றுத் தளர்த்தியிருக்கலாம். அதன் தர்மம் தளரவில்லை. சோதனையில் தேறிய வண்டிக்குத் தண்டனை எதற்கு? தேறாத வண்டிக்குக் கட்டணம் எதற்கு? முன்னது அநியாயம், பின்னது பணம் கொடுத்தால் புகைவிடலாம் என்ற தவறான படிப்பினை.

வயதை மாத்திரம் அளவுகோலாக வைத்தால் விளையும் குழப்பத்தைத் தலைநகரமே காட்டியிருக்கிறது. டில்லி வட்டாரத்தில் 10 வயதுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் 15 வயதுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது; 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் போடக்கூடாது என்றார்கள். சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில், வயதை மாத்திரம் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாமென்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கே என்று திருத்திற்று. இதில் கவனிக்க வேண்டியது என்ன? கடைசியில் கோர்ட்டும் வயதைவிட்டு, வண்டி விடும் புகையின் தரத்தை நோக்கியே நகர்ந்தது.

டில்லியின் காற்று கெட்டிருப்பதை நாம் மறுக்கவில்லை. குழந்தைகள் மூச்சுத் திணறும்போது கார்க்காரரின் வசதியைப் பேசுவது மனிதத்தன்மையுமல்ல. பழைய தரத்து எஞ்சின் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அதிக நச்சுப் புகை விடுகிறது என்பதும் உண்மை. ஆனால் தினம் நூறு கிலோமீட்டர் ஓடிச் சரியாகப் பராமரிக்கப்படாத எட்டு வயது வண்டியும், தினம் பத்துக் கிலோமீட்டர் ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பதினாறு வயது வண்டியும் காற்றுக்குச் செய்யும் தீங்கில் எது பெரிது? வயதை மட்டும் பார்க்கும் சட்டம் முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைப் பிடிக்கிறது. மேலும், ஒரு புதிய காரைச் செய்ய வேண்டிய இரும்பும் அலுமினியமும் ரப்பரும் வானத்திலிருந்து விழுவதில்லை. அவற்றை உருக்கிச் சேர்ப்பதிலேயே பல டன் கரியமிலவாயு வெளியாகிவிடுகிறது. ஓடக்கூடிய வண்டியை நசுக்கிவிட்டு வேறொன்றைச் செய்வது சில சமயம் நன்மையாகலாம். எப்பொழுதும் நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

நாம் கேட்பது அதிகமில்லை. ஒன்று: மறுபதிவுச் சோதனை உண்மையான சோதனையாக இருக்கட்டும். புகை, பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றை இயந்திரம் அளக்கட்டும். புரோக்கரின் சிபாரிசு அளக்க வேண்டாம். தேறாத வண்டி எத்தனை புதியதானாலும் நிற்கட்டும். தேறிய வண்டி எத்தனை பழையதானாலும் ஓடட்டும். இரண்டு: கட்டணம் சோதனைக்கு ஆகும் செலவுக்குத் தக்கதாக இருக்கட்டும்; இரு சக்கர வண்டிக்காரரின் சுமையை முதலில் இறக்கட்டும். மூன்று: புகைச் சான்றிதழ் கொடுக்கும் நிலையங்களைச் சர்க்கார் திடீர் திடீரென்று சோதிக்கட்டும். வண்டியைக் கண்ணால் பாராமலே சான்றிதழ் தருவது எங்கும் நடவாதிருக்குமானால், வயதுத் தடைக்கே தேவை ஏற்பட்டிராது. நான்கு: இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ்களை அதிகமாக்கட்டும். இரண்டாவது காருக்குத் தேவையே இல்லாத ஊர்தான் நல்ல ஊர்.

பழைய வண்டியை இழிவாக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கூலி வேலை செய்து பணம் சேர்த்து, அதையே அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். ஊரார் மெச்ச ஓட்டிக் காட்டுவதற்காக அல்ல. அக்கக்காகக் கழற்றிப் பூட்டி, அதன் சூட்சுமத்தைக் கற்பதற்காக. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய ஒரே பஸ் பிற்பாடு ஒரு பெரிய போக்குவரத்து ஸ்தாபனமாக வளர்ந்தது. 1937-ல் இந்நாட்டின் மின்சார மோட்டார் தொழிலுக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். பிறர் ஓட்டிப் பழசான ஒரு வண்டியிலிருந்து தொடங்கியது அந்தக் கல்வி.

இன்றும் அந்தக் கல்வி நம்மிடையே சாகவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகங்களைக் குவித்து வைத்து, எந்த வருஷத்துக் காருக்கு எந்தப் பாகம் பொருந்தும் என்று ஏடு பாராமல் சொல்லுகிறவர்களைக் காணலாம். ஒவ்வொரு தாலூகா ஊரிலும் வேப்ப மரத்தடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய பிறகும், அது செய்த வண்டிகளை ஓட வைத்துக் கொண்டிருப்பவர்களில் இந்த மனிதர்களுக்கு முக்கிய பங்குண்டு. பழைய காரைப் பேணி ஓட்டுகிறவன் தரும் கூலி பெரும்பாலும் இவர்கள் வீட்டு அடுப்பை எரிக்கிறது. கடனுக்குப் புதிய கார் வாங்குகிறவன் தரும் வட்டி எங்கே போகிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த தேதியைப் பார்த்து மனிதனை மதிப்பிடுவது அறிவீனம் என்று நாம் அறிவோம். வண்டியின் விஷயத்திலும் அதே விவேகம் வேண்டும். வாங்குகிறவர் மேற்பூச்சை விட்டு எஞ்சினைப் பார்க்கட்டும். விற்கிறவர் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கட்டும். சர்க்கார் காலண்டரை மூடிவிட்டுப் புகை அளக்கும் கருவியைக் கையில் எடுக்கட்டும். அவ்வாறு செய்தால், வாசலில் நிற்கும் பழைய வண்டிக்காக எவரும் கூச வேண்டியதில்லை. தெருவில் ஓடும் பழைய வண்டியால் எவரும் இருமவும் வேண்டியதில்லை.